நிலை 4 என்றால் எந்த நிலை 4? சீன இலக்கணத்தைப் படிநிலையாகப் படிப்பது பற்றி

சீன மொழி படிக்கலாமா என்று விசாரிப்பவர் காதில் ஒன்றோடொன்று பொருந்தாத இரண்டு செய்திகள் விழும். சீனத்தில் இலக்கணமே கிடையாது, சொற்களை அடுக்கினால் போதும் என்பது ஒன்று. சீன அரசு 2021இல் வெளியிட்ட தரநிலை ஆவணத்தில் 572 இலக்கணக் கூறுகள் எண் போட்டு வரிசைப்படுத்தப்பட்டிருக்கின்றன என்பது இன்னொன்று. இரண்டாவது உண்மை. முதலாவது, பாதி உண்மை மட்டும் பேசும் பேச்சு.

அதைத் தாண்டியதும் அடுத்த குழப்பம். “நான் நிலை 4 முடித்துவிட்டேன்” என்று இருவர் சொல்கிறார்கள். ஒருவர் கணக்கில் அது 1200 சொல். இன்னொருவர் கணக்கில் 3245 சொல். இருவரும் பொய் சொல்லவில்லை.

இந்தக் குழப்பங்களை அடியிலிருந்து பிரித்துப் பார்ப்போம். ஒரு முன்குறிப்பு: கீழே வரும் சீனச் சொற்களைத் தமிழ் எழுத்தில் தோராயமாகத்தான் எழுதியிருக்கிறேன். சீனத்தின் உயிர்நாடியான சுரங்களை, அதாவது சொல்லின் பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை, இந்த எழுத்தில் காட்ட முடியாது. ஆகவே உச்சரிப்புக்காக அல்ல, சொல் எந்த வரிசையில் வருகிறது என்று பார்ப்பதற்காகப் படியுங்கள்.

## இலக்கணம் இல்லாத மொழியா?

‘வந்தான்’ என்ற ஒரே சொல்லில் எத்தனை செய்தி இருக்கிறது பாருங்கள். செயல், அது நடந்துவிட்டது என்பது, செய்தவர் ஒருவர், ஆண், நமக்கு மரியாதை காட்டத் தேவையில்லாதவர். சீன வினைச்சொல் இதில் எதையும் சுமப்பதில்லை. ‘லாய்’ என்றால் வருதல். நேற்றும் லாய், நாளையும் லாய். நானும் லாய், அவர்களும் லாய். பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபு இல்லை. விகுதிகளைத்தான் இலக்கணம் என்று நினைத்து வளர்ந்தவருக்கு இது இலக்கணமே இல்லாத மொழியாகத் தெரிவதில் வியப்பில்லை.

ஆனால் விகுதி செய்யும் வேலையை யாராவது செய்துதானே ஆகவேண்டும்? சீனத்தில் அதை மூவர் பங்கிட்டுக்கொள்கிறார்கள்.

1. சொல் வரிசை. யார் யாரை என்பதை இடம்தான் சொல்கிறது. ‘வொ ஆய் தா’ என்றால் நான் அவனை நேசிக்கிறேன். ‘தா ஆய் வொ’ என்றால் அவன் என்னை. உருபு இருப்பதால் தமிழில் சொற்களை இடம் மாற்றிவைத்தாலும் பொருள் மாறாது. சீனத்தில் மாறிவிடும்.

2. இடைச்சொற்கள். பழைய சீன அறிஞர்களே சொற்களை ‘நிறைந்த சொல்’, ‘வெற்றுச் சொல்’ என்று இரண்டாகப் பிரித்தார்கள். தனக்கென்று பொருள் இல்லாமல் மற்றச் சொற்களோடு சேர்ந்தே இயங்குவது வெற்றுச் சொல். நம் இலக்கணம் இடைச்சொல் என்று சொல்வதும் ஏறக்குறைய இதைத்தான். லெ, தெ, மா, பா என்று ஓரசையில் வரும் இந்தச் சின்னச் சொற்களில்தான் பாதிச் சீன இலக்கணம் குடியிருக்கிறது.

3. நிரப்புச் சொற்கள். வினைக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு, அந்தச் செயலுக்கு என்ன முடிவு கிடைத்தது, எந்தப் பக்கம் போனது, செய்ய முடிந்ததா என்று சொல்பவை. இவற்றுக்குப் பிறகு வருவோம்.

572 கூறுகளில் பெரும்பாலானவை இந்த மூன்றின் விரிவுகள்தான்.

## எந்த அளவுகோல்?

சீன மொழித் திறனை அளக்கும் எச்.எஸ்.கே. தேர்வுக்கான வேலை பெய்ஜிங்கில் 1984இல் தொடங்கியது. அதன்பின் ‘நிலை’ என்ற சொல்லுக்குக் குறைந்தது மூன்று அர்த்தங்கள் வந்துவிட்டன.

1. 2010க்கு முந்தைய பழைய தேர்வு. அதில் மொத்தம் 11 நிலைகள். பழைய சான்றிதழில் ‘நிலை 6’ என்று இருந்தால் அது நடுத்தரமான ஓர் இடம். உச்சம் அல்ல.

2. 2010இல் வந்த ஆறு நிலைத் தேர்வு. சொல் எண்ணிக்கை 150, 300, 600, 1200, 2500, 5000 என்று இரட்டித்துக்கொண்டே போகும். கடைகளில் கிடைக்கும் பாடநூல்களில் பெரும்பகுதி இந்த அளவில் எழுதப்பட்டவை.

3. 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த தரநிலை. மூன்று கட்டம், ஒன்பது நிலை: 1 முதல் 3 தொடக்கம், 4 முதல் 6 இடைநிலை, 7 முதல் 9 உயர்நிலை. சொல் எண்ணிக்கை 500, 1272, 2245, 3245, 4316, 5456 என்று ஏறி, உயர்நிலை முடியும்போது 11,092.

மூன்றாவதைப் பற்றி ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். அது தேர்வு அல்ல, அளவுகோல். அசைகள், எழுத்துகள், சொற்கள், இலக்கணம் என்ற நான்கையும் நிலைவாரியாகப் பட்டியல் போட்ட அரசு ஆவணம். தேர்வு அதைப் பின்தொடர்ந்து மெல்ல மாறுகிறது. 7 முதல் 9 வரைக்குமான ஒரே தேர்வு முதன்முறையாக 2022 நவம்பரில்தான் நடந்தது. தைவானில் நடக்கும் தேர்வு இவற்றோடு சம்பந்தமில்லாத தனி ஏற்பாடு.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் தெரியும். முதல் நிலையில் 150 எங்கே, 500 எங்கே! ஆறாம் நிலையிலோ 5000க்கும் 5456க்கும் பெரிய தூரமில்லை. அதாவது அடித்தளம்தான் கனமாக்கப்பட்டிருக்கிறது. 2010 அளவில் ஐந்தாம் நிலைக்காரர் புதிய அளவில் மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் நிற்பார். இதைப் பார்த்து மனம் உடைந்தவர்கள் உண்டு. தேவையில்லை, அவர்களுக்குத் தெரிந்த சீனம் எங்கும் போய்விடவில்லை. 2010 தேர்வின் ஆறாம் நிலை, மொழித் திறனை அளக்கும் ஐரோப்பியச் சட்டகத்தின் உச்சமான சி2க்குச் சமம் என்று அறிவிக்கப்பட்டபோது, அது மிகைக் கணக்கு என்று ஜெர்மனியின் சீனமொழி ஆசிரியர் சங்கமே மறுத்தது. புதிய அளவு அந்த இடைவெளியைக் கொஞ்சம் நேர்ப்படுத்துகிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

## இலக்கணம் முன்னால் கனம், சொல் பின்னால் கனம்

2021 ஆவணத்தில் ஒவ்வொரு நிலைக்கும் புதிதாக வரும் இலக்கணக் கூறுகள்: 48, 81, 81, 76, 71, 67. பிறகு 7 முதல் 9 வரை மூன்றுக்கும் சேர்த்து 148. மொத்தம் 572. புதிதாக வரும் சொற்கள்: 500, 772, 973, 1000, 1071, 1140. பிறகு ஒரே பாய்ச்சலில் 5636.

இரண்டாம் நிலைக்குப் பிறகு இலக்கணம் கூடவில்லை, மெல்ல இறங்குகிறது. சொல்லோ ஏறிக்கொண்டே போகிறது. மூன்றாம் நிலை முடியும்போது மொத்தச் சொற்களில் ஐந்தில் ஒரு பங்குதான் கையில் இருக்கும். ஆனால் மொத்த இலக்கணத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வந்திருக்கும். ஆறாம் நிலை முடியும்போது சொல் பாதி, இலக்கணம் முக்கால்.

இதன் நடைமுறை அர்த்தம்: ‘முதலில் சொற்களைச் சேர்த்துக்கொள்வோம், இலக்கணத்தை அப்புறம் பார்ப்போம்’ என்ற திட்டம் சீனத்தில் தலைகீழானது. இலக்கணத்தின் பளு தொடக்க நிலைகளிலேயே நம்மேல் வந்துவிடுகிறது.

இந்த 572 என்ற எண்ணையே கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பதும் நல்லது. 1996இல் வெளிவந்த முந்தைய இலக்கண நிலைப் பட்டியல் நான்கு தரங்களாக 1168 கூறுகளைக் கணக்கிட்டது. இடைப்பட்ட இருபத்தைந்து ஆண்டுகளில் சீன இலக்கணம் பாதியாகச் சுருங்கிவிடவில்லை. எதை ஒரு கூறு என்று எண்ணுவது, எதை இன்னொன்றோடு சேர்ப்பது, எதைச் சொற்பட்டியல் பக்கம் தள்ளிவிடுவது என்ற முடிவு மாறியிருக்கிறது. பட்டியல் என்பது மொழியின் எலும்புக்கூடு அல்ல. ஆசிரியர்கள் போட்டுக்கொண்ட வேலைத் திட்டம்.

ஒரு கூறு எந்த நிலைக்குப் போக வேண்டும் என்று முடிவுசெய்வதிலும் பல கைகள் இழுக்கின்றன: அது எவ்வளவு அடிக்கடி வருகிறது, அன்றாடம் தேவைப்படுகிறதா, அதற்கு முன் வேறெது தெரிந்திருக்க வேண்டும், எவ்வளவு சிக்கலானது. இவை ஒன்றோடொன்று மோதும்போது பெரும்பாலும் தேவைதான் வெல்கிறது. அதனால்தான் சீனத்தின் மிகச் சிக்கலான இடைச்சொல் முதல் நிலையிலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது.

## லெ: எல்லா நிலைகளிலும் தொடரும் ஓரசை

‘லெ’ என்பதை முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். அதுதான் இறந்தகால விகுதி என்று மாணவர் மனதில் எழுதிக்கொள்வார். அந்த எழுத்தை அழிக்கச் சில ஆண்டுகள் ஆகும்.

முதலில், லெ இரண்டு இடங்களில் வரும். இரண்டுக்கும் வேலை வேறு. வினைக்குப் பின்னால் வந்தால் செயல் நிறைவேறியது என்று பொருள். ‘வொ மாய் லெ ஸான் பென் ஷூ’: நான் மூன்று புத்தகம் வாங்கினேன். வாக்கியத்தின் கடைசியில் வந்தால் நிலைமை மாறிவிட்டது என்று பொருள். ‘ஷியா யூ லெ’: மழை வந்துவிட்டது. சற்றுமுன் இல்லை, இப்போது இருக்கிறது. ‘வொ பு ச்சூ லெ’: நான் போகப்போவதில்லை. போவதாக இருந்தேன், இப்போது மனம் மாறிவிட்டது. இதில் போனதும் இல்லை, இறந்தகாலமும் இல்லை. மாற்றம்தான் இருக்கிறது.

இது காலம் காட்டாது என்பதற்கு வேறு சாட்சியும் உண்டு. ‘மிங்தியென் வொ ச்சி லெ ஃபான் ஜியூ ச்சூ’ என்றால், நாளை நான் சாப்பிட்டுவிட்டுப் போகிறேன். நாளைய செயலில் லெ எப்படி வந்தது? ‘சாப்பிட்டுவிட்டு’ என்பதில் ‘விட்டு’ எப்படி வந்ததோ அப்படித்தான். நடந்து முடிந்ததா என்பதே கேள்வி. எப்போது என்பது அல்ல. எதிர்ப்பக்கமும் உண்மை: ‘அப்போது எனக்கு நிறைய வேலை இருந்தது’, ‘சின்ன வயதில் தினமும் நீந்துவேன்’ போன்ற வாக்கியங்கள் கடந்தகாலத்தைப் பற்றியவைதான், ஆனால் சீனத்தில் லெ வராது.

இரண்டு லெயும் ஒரே வாக்கியத்தில் வந்தால்? ‘வொ ஷ்வே லெ ஸான் நியென் ஹான்யூ’ என்றால் மூன்று ஆண்டு சீனம் படித்தேன். இப்போது படிக்கிறேனா என்பதை வாக்கியம் சொல்லவில்லை. கடைசியில் இன்னொரு லெ சேர்த்தால், படிக்கத் தொடங்கி மூன்று ஆண்டு ஆகிறது, பெரும்பாலும் இன்னும் தொடர்கிறது. ஓரசையில் இவ்வளவு வேறுபாடு.

இது போக, மழை வரப்போகிறது என்பதற்கு ‘க்வாய் ஷியா யூ லெ’. ‘ரொம்ப’ என்று அலுத்துக்கொள்ளும் வாக்கியத்திலும் கடைசியில் ஒரு லெ. இப்படி நிலைக்கு நிலை அதற்குப் புதிய வேலை முளைத்துக்கொண்டே இருக்கும். ‘லெ, நிலை 1’ என்று பட்டியலில் இருப்பதை ‘லெ, நிலை 1இல் முடிந்தது’ என்று படிப்பதுதான் நிலைவாரிப் படிப்பில் நடக்கும் மிகப் பெரிய தவறு. பட்டியலில் உள்ள எண் முதல் அறிமுகம் எப்போது என்றுதான் சொல்கிறது.

## பா: தமிழருக்குப் பிடித்துப்போகும், பிறகு காலை வாரும்

சீனம் பொதுவாக எழுவாய், வினை, செயப்படுபொருள் என்ற வரிசையில் போகும். ஆனால் ‘பா’ என்ற இடைச்சொல் வந்தால் செயப்படுபொருள் வினைக்கு முன்னால் வந்துவிடும். ‘தா பா மென் குவான்ஷாங் லெ’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பார்த்தால்: அவன், ஐ, கதவு, மூடி, விட்டான். ‘அவன் கதவை மூடிவிட்டான்’ என்ற தமிழ் வாக்கியமேதான். உருபு மட்டும் பெயருக்கு முன்னால் நிற்கிறது.

2021 பட்டியலில் பா மூன்றாம் நிலையில் தொடங்கி அடுத்தடுத்த நிலைகளிலும் புதிய உருவில் திரும்பி வருகிறது. உலகெங்கும் சீன ஆசிரியர்கள் சொல்லும் குறை, மாணவர்கள் இதைப் பயன்படுத்தாமல் நழுவுகிறார்கள் என்பது. தமிழ் தெரிந்தவருக்கு நேர்மாறான ஆபத்து: எல்லா இடத்திலும் போட்டுவிடத் தோன்றும். ஐ உருபும் பாவும் ஒன்றல்ல. பா வர மூன்று நிபந்தனைகள் உண்டு.

1. பொருள் எது என்று பேசுபவருக்கும் கேட்பவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். ‘புத்தகம் வாங்கினேன்’, ‘புத்தகத்தை வாங்கினேன்’ என்ற இரண்டில் இரண்டாவதற்குத்தான் பா. இந்த உணர்வு நமக்கு ஏற்கெனவே இருக்கிறது.

2. அந்தப் பொருளுக்கு ஏதாவது நடந்திருக்க வேண்டும். ‘அவனை நேசிக்கிறேன்’ என்பதில் நம் ஐ கூசாமல் வரும். பா வராது, ஏனென்றால் நேசிப்பதால் அவன் இடம் மாறவோ நிலை மாறவோ இல்லை.

3. வினை மொட்டையாக நிற்கக்கூடாது. ‘கதவை மூடு’ என்பதன் மூடு மட்டும் போதாது. மூடி என்ன ஆயிற்று என்று காட்ட நிரப்புச் சொல்லோ லெயோ பின்னால் வேண்டும்.

பா வந்தே தீரவேண்டிய இடமும் உண்டு. புத்தகத்தை மேஜைமேல் வை என்பது போல, ஒரு பொருளை இன்ன இடத்தில் கொண்டுபோய் வைக்கும் வாக்கியங்கள். இங்கே பாவைத் தவிர்த்தால் வாக்கியம் நொண்டும்.

## நிரப்புச் சொற்கள்: இடைநிலை ஏன் இழுக்கிறது?

நான்காம் நிலைக்கு அருகில் வந்து ஓராண்டாக அங்கேயே நிற்பவர்கள் பலர். எனக்குத் தெரிந்தவரை காரணம் பெரும்பாலும் இந்த ஒரே பகுதி.

‘ஜாவ்’ என்றால் தேடு. ‘ஜாவ் தாவ்’ என்றால் தேடிக் கிடைப்பது. ‘மெய் ஜாவ் தாவ்’ என்றால் தேடினேன், கிடைக்கவில்லை. ‘ஜாவ் பு தாவ்’ என்றால் தேடினாலும் கிடைக்க மாட்டேன் என்கிறது. ‘திங்’ கேள், ‘திங் தோங்’ கேட்டுப் புரிந்துகொள், ‘திங் பு தோங்’ கேட்டாலும் புரியவில்லை. செயல் ஒரு சொல், அதன் பலன் இன்னொரு சொல். நடுவில் பு நுழைந்தால் முடியாமை. இந்தக் கணக்கு புரிந்துவிட்டால் ஒவ்வொரு வினையிலிருந்தும் பத்துச் சொல் பிறக்கும். புரியாவிட்டால் ஒவ்வொன்றும் தனித்தனியாக மனப்பாடம்.

இதில் தமிழ் துணைக்கு வரும் பாதியும் உண்டு, வராத பாதியும் உண்டு. தேடுவது வேறு, கிடைப்பது வேறு என்பது நமக்கு இயல்பான பிரிவு. ஆனால் எப்படிச் செய்தான் என்பதைச் சீனம் பல இடங்களில் வினைக்குப் பின்னால் வைக்கிறது: ‘தா பாவ் தெ ஹென் க்வாய்’, சொல்லுக்குச் சொல் அவன், ஓடு, தெ, மிக, வேகம். நமக்கு ‘வேகமாக’ என்பது வினைக்கு முன்னால்தான் வரும். எவ்வளவு நேரம் என்பதும் அப்படியே. எட்டு மணிக்கு என்றால் வினைக்கு முன்னால். எட்டு மணி நேரம் என்றால் வினைக்குப் பின்னால். இதைத் தப்பில்லாமல் பேசப் பல மாதம் பிடிக்கும்.

## பட்டியல் பொது, ஏற்றம் அவரவர்க்கு

நிலைப் பட்டியல் உலகத்து மாணவர்கள் எல்லாருக்கும் பொதுவானது. ஆனால் பெரும்பாலான விளக்க நூல்கள் ஆங்கிலம் பேசுபவரின் சிரமங்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. அமெரிக்க வெளியுறவுத் துறையின் பயிற்சி நிறுவனம் சீனத்துக்கு 2200 வகுப்பு மணி நேரம் என்று கணக்கிடுவதும் ஆங்கிலத்திலிருந்து தொடங்குபவருக்குத்தான். தமிழிலிருந்து தொடங்கினால் மேடும் பள்ளமும் வேறு இடத்தில் இருக்கும்.

வேகமாகக் கடக்கக்கூடியவை:

1. கேள்வி. ‘நி லாய்’ நீ வருகிறாய். ‘நி லாய் மா’ நீ வருகிறாயா. கடைசியில் ஒட்டும் நம் ஆ தான் மா. சொல் வரிசையைப் புரட்டவேண்டியதில்லை.

2. பெயரெச்சம். நேற்று வந்த ஆள் என்பது ‘ஸுவோதியென் லாய் தெ ரென்’. நேற்று, வர, தெ, ஆள். அடை எவ்வளவு நீண்டாலும் பெயருக்கு முன்னால்தான். ஆங்கில வழி வருபவர்கள் இதில் மூச்சு வாங்குவார்கள்.

3. மறுப்பு. ‘தா பு லாய்’ வர மாட்டான். ‘தா மெய் லாய்’ வரவில்லை. இரண்டுக்கும் வெவ்வேறு சொல் வேண்டும் என்பதை நமக்கு யாரும் விளக்கவேண்டாம். ‘பணம் இல்லை’, ‘வரவில்லை’ இரண்டிலும் ஒரே இல்லை வருவது போல, சீனத்திலும் இரண்டிலும் அதே மெய். மெய் வந்தால் லெ போய்விடும் என்ற விதியும் ‘வாங்கவில்லை’ என்பதில் வாங்கினேனின் விகுதி மறைவதை நினைத்தால் உறுத்தாது.

4. ஜியூவும் த்ஸாயும். ‘எட்டு மணிக்கே வந்துவிட்டான்’ என்பதற்கும் ‘எட்டு மணிக்குத்தான் வந்தான்’ என்பதற்கும் உள்ள வேறுபாடுதான் இது. முதலாவதில் ஜியூவும் லெயும். இரண்டாவதில் த்ஸாய், லெ கிடையாது. ஆங்கில நூல்கள் இரண்டு பக்கம் செலவழிக்கும் இந்த இடத்தைத் தமிழில் ஏகாரமும் தானும் ஒரு வரியில் முடித்துவிடுகின்றன.

5. அழுத்தம். ‘தா ஷி ஸுவோதியென் லாய் தெ’ என்பது நம் ‘அவன் வந்தது நேற்று’. நாம் நாங்கள் என்ற பிரிவுக்கும் வடசீனப் பேச்சில் ஸான்மென், வொமென் என்று இணை உண்டு. முயன்று பார் என்பதில் வரும் பார் கூட ‘ஷி ஷி கான்’ என்பதில் அப்படியே இருக்கிறது. கான் என்றால் பார்.

நின்று நிதானிக்க வேண்டியவை:

1. ‘அவர் டாக்டர்’ என்று நாம் வினையே இல்லாமல் முடிப்போம். சீனத்தில் நடுவில் ‘ஷி’ கட்டாயம். ஆனால் ‘அவன் உயரம்’ என்பதில் ஷி வராது. அந்த இடத்தில் ‘ஹென்’ வரும், அதற்கு அங்கே ‘மிகவும்’ என்ற பொருள்கூடப் பெரிதாக இல்லை.

2. உருபு பின்னால் அல்ல, முன்னால். வீட்டில் என்பது ‘ஸாய் ஜியா’. அவனுக்கு என்பது ‘கெய் தா’. நல்லவேளை, இந்தத் தொடர் முழுவதும் பெரும்பாலும் வினைக்கு முன்னால்தான் வரும், நம்மைப் போலவே.

3. அளவைச் சொற்கள். இரண்டு பேர் என்பதில் உள்ள ‘பேர்’ போன்ற ஒன்று சீனத்தில் எல்லாப் பொருளுக்கும் வேண்டும். புத்தகத்துக்கு பென், தட்டையானதற்கு ஜாங், நீளமானதற்கு தியாவ். மறந்துவிட்டால் கெ போட்டுச் சமாளிக்கலாம். முதல் இரண்டு நிலைகளில் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

4. இரட்டை இணைப்புகள். ‘மழை பெய்ததால்’ என்று ஒரு விகுதியில் நாம் முடிப்பதைச் சீனம் இரண்டு பக்கமும் ஆணி அடித்து நிறுத்துகிறது: இங்கே ‘யின்வெய்’, அங்கே ‘ஸுவோயி’. இடைநிலை முழுவதும் இப்படிப்பட்ட ஜோடிகள் வந்துகொண்டே இருக்கும்.

## உயர்நிலையில் நடப்பது

7 முதல் 9 வரையில் புதிய வாக்கிய அமைப்புகள் அதிகமில்லை. அங்கே நடப்பது பேச்சு நடையிலிருந்து எழுத்து நடைக்குப் பெயர்வது. தெ இருந்த இடத்தில் ‘ஜி’, பேச்சில் கேட்டிராத ‘யூ’, ‘யி’, ‘அர்’ போன்ற பழஞ்சீன இடைச்சொற்கள். நான்கெழுத்து மரபுத்தொடர்கள். பேச்சுத் தமிழ் மட்டும் தெரிந்த ஒருவர் பத்திரிகைத் தலையங்கம் படிக்க உட்கார்வது போன்ற அனுபவம். இரட்டை வழக்கில் பிறந்து வளர்ந்த நமக்கு இதன் தர்க்கம் புதிதல்ல. சொற்கள்தான் புதிது, மலைக்கவைக்கும் 5636 அங்கேதான் இருக்கிறது.

## பட்டியலைக் கையாளும் விதம்

1. கையில் உள்ள நூல் எந்த அளவுகோலைப் பின்பற்றுகிறது என்று முதல் பக்கத்திலேயே பாருங்கள். 2010க்கான நூலையும் 2021க்கான சொற்பட்டியலையும் கலந்து படித்தால், பாடம் எளிது, சொல் கடினம் என்ற பொய்யான உணர்வு வரும்.

2. இலக்கண நிலையும் சொல் நிலையும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயமில்லை. புதிய அமைப்பை நன்கு பழகிய சொற்களை வைத்தே படியுங்கள். ஒரே வாக்கியத்தில் இரண்டும் புதிது என்றால் மூளை சொல்லைத்தான் பிடிக்கும், அமைப்பை விட்டுவிடும்.

3. தேர்வு எதைச் சோதிக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். 2010 வடிவத்தில் முதல் இரண்டு நிலைகளில் எழுத்துப் பகுதியே இல்லை. கேட்டும் படித்தும் புரிந்தால் போதும். மூன்றாம் நிலையிலிருந்து கலைந்த சொற்களை வாக்கியமாக அடுக்கச் சொல்வார்கள். ஆறாம் நிலையில் நான்கு வாக்கியம் தந்து பிழையானதைக் கண்டுபிடிக்கச் சொல்வார்கள். தாய்மொழிக்காரர்களே தலையைச் சொறியும் பகுதி அது. பேச்சுக்குத் தனித் தேர்வு. ஆக, நான்காம் நிலைச் சான்றிதழ் வைத்திருப்பவர் ‘பா’ என்ற இடைச்சொல்லை ஒருமுறைகூட வாய்விட்டுச் சொல்லாமல் அங்கே வந்திருக்கலாம்.

4. மேலே போகும்போது கீழே உள்ளதைத் திறந்தே வைத்திருங்கள். நோட்டில் நிலைக்கு ஒரு பகுதி என்று பிரிக்காமல், லெ, தெ, பா, ஜியூ, நிரப்புச் சொற்கள் என்று ஒவ்வொன்றுக்கும் சில பக்கம் ஒதுக்குங்கள். புதிய நிலையில் அதே சொல் புதிய வேலையோடு வரும்போது அதே பக்கத்தில், முந்தைய வாக்கியத்துக்குக் கீழே, நீங்களே அமைத்த ஒரு வாக்கியத்தோடு எழுதுங்கள். லெயின் பக்கத்துக்கு மட்டும் தாராளமாக இடம் விடுங்கள். ஆறாம் நிலையிலும் அதில் எழுத ஏதாவது வரும்.